உழைப்பாளியின் மூச்சும் ஊரின் காற்றும்
வல்லக்கோட்டைச் சுற்றுப்புற விவசாயிகள் அறியவேண்டுவன

ஸ்ரீபெரும்புதூர்த் தாலுகாவிலுள்ள வல்லக்கோட்டை, முருகப்பெருமான் ஆலயத்தினால் நெடுங்காலமாகப் பெயர்பெற்ற கிராமமாகும். ஏரிப்பாசனத்தில் விளையும் நெல்லே இச்சுற்றுப்புறத்தாரின் பழைய ஜீவனம். 1998-ஆம் வருஷத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார்த் தொழிற்சாலையும், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் தொழிற்சாலையும் வேலை தொடங்கியபின் இப்பகுதியின் தோற்றமே மாறிவிட்டது. சிங்கப்பெருமாள்கோயில்-ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையிலும், வண்டலூர்-வாலாஜாபாத் சாலையிலும் லாரிகளும் கம்பெனி பஸ்களும் இரவு பகலாக ஓடுகின்றன. இதனால் பல குடும்பங்களுக்கு ஊதியம் கிடைத்திருப்பது நன்மையே. எனினும், நிலத்தை விடாமல் பயிரிட்டு வருவோர் அச்சாலைகளின் ஓரத்திலேயே மண்வெட்டி பிடிக்க வேண்டியிருக்கிறது. திறந்த வெளியில் பாடுபடுகிறவனை நோய் அண்டாது என்ற நம்பிக்கை கிராமங்களில் உறுதியாக இருந்து வருகிறது. அது எவ்வளவு தூரம் இன்று பொருந்தும் என்பதை ஆராய்வது அவசியம்.

மூச்சின் கணக்கு

சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் நிமிஷத்துக்கு 6 முதல் 8 லிட்டர் வரை காற்றைச் சுவாசிக்கிறான். வரப்பு வெட்டும்போதும் நெல்மூட்டை சுமக்கும்போதும் அது 40 லிட்டரையும் கடப்பதுண்டு. ஆகவே, திண்ணையில் இருப்பவன் ஒரு மணி நேரத்தில் 480 லிட்டர் காற்றை உட்கொண்டால், கடுமையாக உழைப்பவன் 2,400 லிட்டர் உட்கொள்ளுகிறான். நுண்தூசிக்கு இந்திய அரசாங்கம் 2009-இல் விதித்த வரம்பு, ஒரு நாள் சராசரியாகக் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். காற்றில் அவ்வளவு தூசி இருப்பதாகக் கொண்டால், முன்னவன் மார்பினுள் செல்வது ஏறக்குறைய 29 மைக்ரோகிராம். பின்னவன் மார்பினுள் செல்வது 144. அதாவது, அழுக்கடைந்த காற்றில் ஒரு மணி நேரம் மண் வெட்டுவது, அதே காற்றில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருப்பதற்குச் சமானம். உலக சுகாதார ஸ்தாபனம் 2021-இல் கூறிய ஒரு நாள் வரம்போ 15 மைக்ரோகிராம்தான் என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. இலேசான வேலையில் மூச்சு மூக்கின் வழியே செல்லுகிறது. அங்குள்ள மயிரும் சளிச்சவ்வும் பெருந்தூசியைத் தடுத்துவிடுகின்றன. கடும் உழைப்பில் வாய் திறந்து மூச்சு வாங்குவதால் அக்காவல் நீங்கிவிடுகிறது. களத்துப் புழுதி தொண்டையில் கரகரப்பை உண்டாக்கித் தன்னைத் தெரிவித்துக்கொள்ளும். டீசல் புகையிலும் எரிபுகையிலும் உள்ள நுண்தூசியோ தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்கும் இராது. அது நுரையீரலின் கடைசிச் சிற்றறைகள் வரை சென்று படிந்து அழற்சியை உண்டாக்குகிறது. அதில் ஒரு பகுதி இரத்தத்திலும் கலக்கிறது. இரைப்பும் இருமலும் மட்டுமன்றி, இரத்தக்குழாய்கள் விறைத்து இருதயத்துக்குத் தீங்கு நேர்வதும் இதனாலேயே.

உழைப்பைக் குறைப்பதா?

இதைக் கேட்டு, உடலுழைப்பே கூடாதென்று முடிவு செய்வது பெருந்தவறு. உழைப்பு இருதயத்தை வலுப்படுத்துகிறது. நீரிழிவையும் இரத்தக் கொதிப்பையும் தடுக்கிறது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை அறிஞர்கள் 2016-இல் வெளியிட்ட கணக்கின்படி, நுண்தூசியின் சராசரி 22 மைக்ரோகிராமாக உள்ள நகரத்தில் சைக்கிள் ஓட்டுவதன் நன்மை, புகையின் தீமையைவிட மிக அதிகம். சராசரி 100 மைக்ரோகிராமாக உள்ள இடத்தில் நாள்தோறும் ஒன்றரை மணி நேரத்துக்குமேல் ஓட்டினால்தான் தீமை மேலோங்குகிறது.

லண்டனில் 2018-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி இதை நன்கு விளக்கும். 60 வயது கடந்தவர்களை ஒரு நாள் ஹைட் பார்க் என்னும் பூங்காவிலும், மற்றொரு நாள் டீசல் வண்டிகள் நெருங்கியோடும் ஆக்ஸ்போர்டு தெருவிலும் இரண்டிரண்டு மணி நேரம் நடக்கச் செய்தனர். பூங்காவில் நடந்தபோது சுவாசம் சீர்பட்டது; இரத்தக்குழாய்கள் இளகின. தெருவில் நடந்தபோது அந்நன்மை பெரும்பாலும் கிட்டவில்லை. நடை ஒன்றே, காற்றே வேறு. ஆதலால் உழைப்பைக் கைவிடுவதன்று, உழைக்கும் நேரத்தையும் இடத்தையும் ஆராய்ந்து கொள்வதே விவேகமாகும்.

நேரமும் இடமும்

மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து அசைவற்றிருக்கும். மேலுள்ள காற்று மூடிபோல் நிற்பதால் புகை மேலெழும்பாது. வெயில் ஏறிப் பனி விலகிய பின்னரே அது கலைகிறது. எனவே அம்மாதங்களில் மாடு கவனித்தல், மடை பார்த்தல் முதலிய இலேசான வேலைகளை முதலில் முடித்து, வெட்டும் வேலையையும் சுமக்கும் வேலையையும் பனி விலகிய பின் மேற்கொள்ளுதல் நலம். சித்திரை, வைகாசியில் வெயிலின் கொடுமையே பெரிதாதலால் பழைய வழக்கப்படி விடியலில் உழைப்பதே தகுதி.

வாகனப் புகையின் வேகம் பெருஞ்சாலையின் இருபுறமும் 300 முதல் 500 மீட்டர் வரை மிகுதியாகத் தெரியும். சாலையோர நிலம் உடையவர்கள், காற்று வயலிலிருந்து சாலையை நோக்கி வீசும் வேளையைப் பார்த்துக் கடின வேலையை வைத்துக்கொள்ளலாம். வைத்தியர் சொற்படி காலையில் நடப்பவர்கள் சாலையோரத்தை விட்டு ஏரிக்கரையில் நடப்பது மேல். இரைப்பு நோயாளிகள், இருதய நோயாளிகள், கர்ப்பிணிகள், முதியோர் ஆகியோரைப் புகைமூட்டமான காலையில் கடின வேலைக்கு ஏவலாகாது.

கதிரடிக்கும்போதும் தூற்றும்போதும் காற்று வீசும் திசையை முதுகுப்புறமாக வைத்து நிற்க வேண்டும். வாயில் கட்டும் துண்டு பெருந்தூசியையே தடுக்கும். நுண்தூசிக்கு என்-95 முகக்கவசமே தக்கது. ஆயினும் அது பூச்சிமருந்தின் ஆவியைத் தடுக்காது.

வயலில் மூட்டும் நெருப்பு

தொழிற்சாலையையும் லாரியையும் குறைகூறும் விவசாயி, தன் கையால் மூட்டும் நெருப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இயந்திர அறுவடைக்குப் பின் தாளையும் வைக்கோலையும் கொளுத்துவோன் அப்புகையின் நடுவிலேயே நின்று உழைக்கிறான். ஒரு டன் வைக்கோலில் 5 முதல் 6 கிலோ வரை தழைச்சத்து உண்டு. எரித்தால் அது அநேகமாக முழுவதும் புகையோடு போய்விடும். வைக்கோலை இயந்திரத்தால் கட்டித் தீவனத்துக்கு விற்கலாம். தாளை ஈரமுள்ளபோதே மடக்கி உழலாம். போகியன்று டயரும் பிளாஸ்டிக்கும் எரிப்பது அதனினும் கொடிது. 2018 போகியன்று சென்னையில் புகையும் பனியும் சேர்ந்து விமானப் போக்குவரத்தே தடைப்பட்டது.

கிராம அதிகாரிகளின் கடமை

குப்பையைத் திறந்த வெளியில் எரிப்போருக்கு 5,000 ரூபாயும், பெருமளவில் எரிப்போருக்கு 25,000 ரூபாயும் விதிக்குமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. கிராம அதிகாரிகள் இதனை ஊராருக்கு அறிவித்தல் வேண்டும். அக்டோபர் 2-ஆம் தேதி கூடும் கிராம சபை, சம்பா அறுவடைக்கும் போகிக்கும் முன்னதாக வருவதால் இதற்கு ஏற்ற சமயமாகும். கல்லும் மண்ணும் ஏற்றிச் செல்லும் லாரிகள் தார்ப்பாய் மூடிச் செல்லவும், மண்பாதைகளில் தண்ணீர் தெளிக்கவும் ஏற்பாடு செய்யலாம். ஆலைப்புகை அளவு மீறுவதாகத் தோன்றினால், நாளும் வேளையும் காற்றின் திசையும் குறித்து, தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். வாய்மொழிக் குறையினும் குறிப்போடு கூடிய மனு பயன் தரும்.

உழைக்கும்போது மார்பு இறுகுதல், மூச்சில் விசில்போன்ற ஓசை, வழக்கத்துக்கு மாறான களைப்பு ஆகியவை தோன்றின், வயதாகிவிட்டதென்று எண்ணி வாளாவிராமல் வேலையை நிறுத்தி ஆரம்ப சுகாதார நிலையத்தை நாடவேண்டும். விதையையும் நீரையும் சோதித்துப் பயிரிடும் விவசாயி, நாளெல்லாம் தான் உட்கொள்ளும் காற்றையும் அவ்வாறே கவனிப்பானாயின், அவன் உழைப்பு நிலத்துக்கும் அவன் தேகத்துக்கும் ஒருங்கே பலன் தரும்.