நியூகிரேஞ்சு: ஈமச்சின்னத்துட் புகும் இளங்கதிர்

அயர்லாந்திலே, போயின் ஆற்றங்கரையில், ஏறக்குறைய 5,200 ஆண்டுகளுக்கு முன் எழுப்பப்பட்ட நியூகிரேஞ்சு என்னும் ஈமச்சின்னம் உளது. 19 மீற்றர் நீளமான ஒடுங்கிய கல்வழி ஒன்று, இறந்தோரின் என்புகள் வைக்கப்பெற்ற உள்ளறைக்குச் செல்கின்றது. அவ்வறையினுட் கதிரவன் ஒளி புகும் காலமொன்று உண்டென அயலிலுள்ளோர் வழிவழியாகக் கூறிவந்தனர்.

1962 இல் அங்கு அகழ்வைத் தொடங்கிய பேராசிரியர் மைக்கேல் ஓகெலி அக்கூற்றைக் கட்டுக்கதையெனத் தள்ளிவிடவில்லை, அப்படியே நம்பிவிடவுமில்லை. வாயில் தென்கிழக்கு நோக்கியிருத்தலின், அது பகற்பொழுது மிகக் குறுகிய மாரிகால நாளாதல் வேண்டுமென உய்த்துணர்ந்தார். வாயிலின் மேலே கற்களால் அமைந்த சாளரம் ஒன்றும் அகழ்விலே வெளிப்பட்டிருந்தது. 1967 திசெம்பர் 21 ஆம் நாள் ஞாயிறு எழுமுன் உள்ளறையிற் சென்று காத்திருந்தார். சாளரத்தினூடே புகுந்த ஒளி அவ்வறையை 17 நிமிடம் விளங்கச்செய்தது. பின்னரும் அவர் மீண்டு சென்று அதனை நோக்கினார்.

இக்காலத்தில், அந்நாட்களில் உள்ளே புகுவோர் சீட்டுக்குலுக்கலால் தெரிவுசெய்யப்படுகின்றனர். ஏனையோர் ஆண்டுதோறும் நண்பரோடு இருளிலும் குளிரிலும் வெளியே நின்று விடியலை எதிர்நோக்குவர்.

எழுத்தறியாத அப்பண்டை மக்கள் ஞாயிற்றின் செலவை நுணுகி அறிந்து, அவ்வறிவைத் தம் இறந்தோர்க்கு உரியதாக்கினர். செவிவழிச் செய்தியை ஆராயாது ஏற்றலும் ஆராயாது விடுத்தலும் ஒப்பத் தவறென்பதே மாணாக்கர் இதனாற் பெறும் பாடமாகும்.