இரவல் வண்டியும் இன்ஷூரன்ஸும்

விடுதியில் ஒருவரிடம் மோட்டார் சைக்கிள் இருந்தால் அது அந்த மாடி முழுவதற்கும் பொதுச் சொத்து. பொங்கல் விழாவுக்கு வாழையிலை வாங்கி வரவும், ரயிலடியில் வந்திறங்கும் தம்பியை அழைத்து வரவும், "சாவியைக் கொடுப்பா" என்ற ஒரு சொல் போதும். கொடுக்கிறவர் மனத்தில் மட்டும் ஒரு கேள்வி எழுவதுண்டு. பாலிஸி தகப்பனார் பேரில் இருக்கிறது. இவன் ஓட்டிப் போய் எங்கேனும் மோதினால் இன்ஷூரன்ஸ் செல்லுமா?

செல்லும். நம் நாட்டில் மோட்டார் பாலிஸி வண்டியை ஒட்டி எழுதப்படுவது. 2002-ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் டாரிப் வகுத்த வாசகமே பெரும்பாலான பாலிஸிகளில் வழங்கி வருகிறது. ஓட்டும் உரிமை யாருக்கு என்ற இடத்தில், பாலிஸிதாரர் உள்ளிட்ட எவரும் ஓட்டலாம் என்றே அதில் இருக்கும். விபத்து நேரத்தில் அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும். லைசென்ஸ் வைத்துக்கொள்ளத் தகுதி இழந்தவராக இருக்கக் கூடாது. பழகுநர் லைசென்ஸ் உள்ளவரும் ஓட்டலாம், அதற்குரிய விதிகளைக் கைக்கொண்டால். மோட்டார் சைக்கிள் பழகுகிறவர் பின்னால் நண்பனை ஏற்றிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவது அந்த விதிகளில் சேராது.

இங்கிலாந்தில் வழக்கம் வேறு. அங்கே பாலிஸியில் ஓட்டுகிறவர்களின் பெயர் எழுதப்படும். ஒவ்வொருவரின் வயதையும் பழைய விபத்துகளையும் பார்த்துப் பிரிமியம் ஏறும், இறங்கும். எவரும் ஓட்டலாம் என்ற பாலிஸியும் அங்கே உண்டு. விலை கூடுதல், பெரும்பாலும் வயது வரம்பும் உண்டு. பெயர் இல்லாதவர் வண்டியை எடுத்தால் இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டியவராவார்: 300 பவுன் அபராதம், லைசென்ஸில் 6 புள்ளி. மேற்படிப்புக்கு அங்கே செல்லும் நண்பர்கள் சாவி கேட்கும் பழக்கத்தை இங்கேயே விட்டுச் செல்வது நல்லது.

ஆனால் 'எவரும் ஓட்டலாம்' என்பதைக் கேட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் அது எதைக் காக்கிறது என்று விசாரிப்பதில்லை. அது முதலாவதாகக் காப்பது தெருவில் அடிபட்ட மூன்றாம் மனிதரை. ஓட்டியவரிடம் லைசென்ஸே இல்லை என்று வைத்துக்கொள்வோம். உச்ச நீதிமன்றம் 2004-இல் தந்த தீர்ப்பின் வழியில், கம்பெனி அடிபட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, சொந்தக்காரர் கவனமின்றி வண்டியைக் கொடுத்தார் என்று நிரூபித்தால் அத்தொகையை அவரிடமே திரும்ப வாங்கலாம். சொந்தக்காரர் யார்? ஊரில் இருக்கும் தகப்பனார். லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியை விட்டதற்கு, 2019 திருத்தத்துக்குப் பின், மூன்று மாதம் வரை சிறையும் 5,000 ரூபாய் அபராதமும் வேறு சட்டத்தில் இருக்கின்றன. ஆகவே சாவி கொடுக்குமுன் லைசென்ஸைக் காட்டச் சொல்வது நட்புக்கு இழுக்கு ஆகாது.

லைசென்ஸ் இருக்கிறது, வண்டியும் ஒழுங்காக ஓட்டுகிறவர்தாம் என்போம். அவருக்கே காலொடிந்தால்? இங்கேதான் பலரும் எண்ணுவதற்கு மாறாக இருக்கிறது சட்டம். கர்நாடகத்தில் ஒருவர் இரவல் மோட்டார் சைக்கிளில் சொந்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார். முன்னே சென்ற மாட்டு வண்டி திடீரென நின்றது, மோதி இறந்தார். அவர் குடும்பம் மோட்டார் சைக்கிளின் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் நஷ்ட ஈடு கேட்டது. இரவல் வாங்கியவர் சொந்தக்காரரின் இடத்திலேயே நிற்கிறார், ஆகையால் குற்றம் யாருடையது என்று பாராமல் ஈடு தரும் பிரிவின் கீழ் அவர் பொருட்டுக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் கூறியது. வேறு பிரிவு பொருந்துமா என்று ஆராய வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 2020-இல் வந்த தீர்ப்பும் அந்தக் கருத்தையே உறுதி செய்தது. எதிரே வந்த லாரியின் மேல் தவறிருந்தால் லாரியின் கம்பெனியிடம் கேட்கலாம். தானே சறுக்கி விழுந்தால் கேட்க ஆளில்லை.

சொந்தக்காரர் ஓட்டும்போது அவருக்கென்று 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பு உண்டு. 2018-இல்தான் அத்தொகை இவ்வளவு உயர்ந்தது. அதைப் பெற வண்டி அவர் பேரில் பதிவாகியிருக்க வேண்டும், பாலிஸியும் அவர் பேரில் இருக்க வேண்டும், அவரிடம் லைசென்ஸும் இருக்க வேண்டும். நண்பனுக்கு அது எட்டாது. நண்பனுக்கு மட்டுமா? தகப்பனார் பேரில் உள்ள வண்டியை நாள்தோறும் கல்லூரிக்கு ஓட்டி வரும் மகனும் சட்டத்தின் கண்ணில் இரவல்காரனே! விடுதி வாயிலில் நிற்கும் வண்டிகளில் எத்தனை ஓட்டுகிறவரின் சொந்தப் பேரில் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் தெரியும்.

பின்னால் உட்கார்ந்து வருகிறவர் கதை வேறு. முழுக்காப்புப் பாலிஸியானால் அவருக்கும் ஈடு உண்டு. சட்டம் கட்டாயமாக்கிய மூன்றாம் நபர் பாலிஸி மட்டும் இருந்தால், சும்மா ஏறி வந்தவரை அது காப்பதில்லை என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மலிவாக முடிந்ததென்று அந்தப் பாலிஸியோடு நிறுத்திக்கொள்வோர் நம்மிடையே பலர்.

வண்டிக்கு நேரும் சேதத்தையும் முழுக்காப்புதான் ஏற்கும், ஓட்டியவர் நண்பரேயானாலும். ஆனால் நஷ்டம் கேட்காமல் கழித்த ஆண்டுகளுக்காகச் சொந்தச் சேதப் பிரிமியத்தில் தரும் தள்ளுபடி, முதல் ஆண்டு 20 சதவிகிதத்தில் தொடங்கி ஐந்தாண்டில் 50 ஆக ஏறுவது, பாலிஸிதாரருக்குரியது. நண்பர் நசுக்கிய மட்கார்டுக்காக ஒரு தடவை கேட்டால் அது பூஜ்யத்துக்கு இறங்கும். சிறு சேதமானால் நண்பரே பணம் கொடுத்துப் பழுது பார்ப்பது சிக்கனம். வண்டியைக் கொடுத்ததற்கு வாடகை என்று வாங்கிவிட்டாலோ, தனியார் வண்டிப் பாலிஸியின் உபயோக நிபந்தனையையே மீறியதாகும்.

நம் நாட்டுப் பாலிஸியில் பெயருக்கு இடமே இல்லை என்று எண்ண வேண்டாம். பெயர் குறிப்பிட்ட ஒருவருக்குத் தனி விபத்துக் காப்புச் சேர்க்கும் ஏற்பாடு டாரிப்பிலேயே உண்டு. பெயர் குறிப்பிடாமல் பின்னால் அமர்பவருக்குச் சேர்ப்பதும் உண்டு. அதற்கான பிரிமியம் சிறு தொகையே. அடுத்த புதுப்பிப்பு வருமுன் தகப்பனாருக்கு எழுதி மகன் பெயரைச் சேர்க்கச் சொல்லலாம். அல்லது வண்டியையே மகன் பேருக்கு மாற்றி, பதிவும் பாலிஸியும் ஒரே பேரில் வரும்படி செய்துகொள்ளலாம்.