திருப்பத்தில்தான் கடிக்கும்!

மீன் விஷயத்தில் என் அனுபவமெல்லாம், மார்க்கெட்டில் செவுளைத் தூக்கிப் பார்த்து ‘கிலோ எவ்வளவு?’ என்று கேட்பதோடு சரி. அப்படிப்பட்ட என்னை, அமெரிக்காவில், ஊட்டியைவிடக் கொஞ்சம் உயரமான ஓர் இடத்தில், விடியற்காலை ஐந்தரை மணிக்கு, பல் தந்தியடிக்க, ஒரு அலுமினியப் படகில் உட்கார வைத்த பெருமை என் பெரியப்பா மகனையே சேரும்.

அண்ணன் டென்வர் நகரத்தில் சாஃப்ட்வேர் என்ஜினீயர். பதினாலு வருஷமாக அங்கேதான் குப்பை கொட்டுகிறார் (அவரே சொல்லிக்கொள்வது). நான் மூன்று வார விருந்தாளி. போய் இறங்கியதுமே, ‘‘வெள்ளிக்கிழமை மத்தியானம் கிளம்பறோம். கோக்கனி பிடிக்கணும்’’ என்றார்.

‘‘வெள்ளிக்கிழமையா? ஆபீஸ்..?’’

‘‘லீவுடா.’’

அன்று ராத்திரி அண்ணி தோசைக்கல்லைப் பார்த்தபடியே விஷயத்தை உடைத்தார். ‘‘லீவெல்லாம் இல்லை தம்பி. வேலை போய் இன்னியோட பதினெட்டு நாள்...’’

எச்-ஒன்-பி விசாவில் இருக்கிறவருக்கு வேலை போனால், அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் இன்னொரு கம்பெனி அவருக்காக மனு போட்டாக வேண்டும். வேறு வழி கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். பதினாலு வருஷம், வீட்டுக் கடன், ஏழாவது படிக்கிற பெண்... எல்லாம் அந்த அறுபதுக்குள் அடக்கம். பி.காம். படித்த தோஷம், என் மண்டைக்குள் உடனே ஒரு பேலன்ஸ் ஷீட் ஓடியது. எந்தப் பக்கம் கூட்டினாலும் டாலி ஆகவில்லை.

‘‘படகையும் விக்கறார். திங்கட்கிழமை ஆள் வருது. அவரா சொல்ற வரைக்கும் நீங்க எதுவும் கேட்டுக்காதீங்க’’ என்றார் அண்ணி.

கேட்காமல் இருக்க நான் பட்ட பாடுதான் இந்தக் கட்டுரை. நடுநடுவே மீனும் வரும்.

★

டென்வரிலிருந்து ப்ளூ மேசா அணைக்குச் சுமார் 200 மைல். பின்னால் படகை இழுத்துக்கொண்டு, மோனார்க் கணவாய் என்ற 11,300 அடி உயர மலைப்பாதையில் ஏறி இறங்க வேண்டும். வழியெல்லாம் அண்ணன் கோக்கனி புராணம் பாடினார். வேறு பேச்சு வந்துவிடக் கூடாதே என்று நானும் ‘உம்’ கொட்டிக்கொண்டே வந்தேன்.

சாக்கை சால்மன் என்று ஒரு மீன். ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட மறுபடி பிறந்த ஆற்றுக்கே வரும். அதே இனத்தில் கடலையே பார்க்காமல் ஏரியிலேயே வாழ்ந்து முடிக்கிற கிளைதான் கோக்கனி. கனடாவின் மேற்குப் பக்கத்திலும், அமெரிக்காவின் வடமேற்கிலும், ஜப்பானிலும் இயற்கையாகவே உண்டு. கொலராடோ மாநிலத்தில் மட்டும் அரசாங்கம் கொண்டுவந்து விட்ட வந்தேறி.

‘‘நம்மள மாதிரி’’ என்றார் அண்ணன். சொல்லிவிட்டு ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

கன்னிசன் ஆற்றின் குறுக்கே 1966-ல் கட்டி முடித்த அணை ப்ளூ மேசா. நீளம் 20 மைல். கொலராடோ மாநிலத்திலேயே பெரிய நீர்த்தேக்கம். ‘‘நம்ம மேட்டூர்ல பாதிகூடப் பிடிக்காதுடா’’ என்று அண்ணன் சொல்ல, கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன். நிஜம்தான். மேட்டூர் 93 டி.எம்.சி. என்றால் இது 41. அடியில் மூன்று ஊர்கள் மூழ்கிக் கிடக்கின்றன: அயோலா, செபோயா, சப்பினீரோ. ஊர்தான் போயிற்று, பெயர் போகவில்லை. ஏரியின் மூன்று பகுதிகளையும் இன்றைக்கும் அந்தப் பெயர்களில்தான் கூப்பிடுகிறார்கள்.

இந்த ஏரியில் கோக்கனிக்கு இரண்டு தொல்லை. ஒன்று, லேக் ட்ரவுட் என்கிற ராட்சச மீன். கோக்கனிதான் அதற்கு விருந்துச் சாப்பாடு. ஒரு கட்டத்தில் ராட்சசர்கள் அதிகமாகிப்போய், அரசே வலை போட்டுப் பிடித்தது. தூண்டில்காரர்களுக்குப் பரிசுப் போட்டிகூட வைத்தது. இன்னொரு தொல்லை, தண்ணீர். 2021-ல் கீழே இருக்கிற பவல் ஏரி மோசமாக வற்றியபோது, அங்கே மின்சார உற்பத்தி நின்றுவிடக் கூடாதென்று இங்கிருந்து அவசரமாகத் திறந்துவிட்டார்கள். அந்த வருஷம் படகுத்துறையையே சீக்கிரம் மூட வேண்டியதாயிற்று. மேலே இருப்பவன் தண்ணீர், கீழே இருப்பவன் கண்ணீர் என்பதெல்லாம் நமக்கு மட்டும் சொந்தமான சமாசாரம் இல்லை சார்!

★

சனிக்கிழமை விடியற்காலை. ஆகஸ்ட் கடைசி வாரம்தான், ஆனால் இரண்டு ஸ்வெட்டர் போட்டும் குளிர் எலும்பை விசாரித்தது. படகைத் தண்ணீரில் இறக்குமுன் ஒரு செக்போஸ்ட். லைசென்ஸ் பார்ப்பார்கள் என்று நினைத்தால், டார்ச் அடித்துப் படகின் அடிவயிற்றைப் பார்க்கிறார்கள். வேறு ஏரிகளிலிருந்து ஒரு வகைச் சிப்பி ஒட்டிக்கொண்டு வந்துவிடுமாம். ஒருமுறை புகுந்தால் குழாய்களை அடைத்து, தண்ணீரிலிருக்கும் மிதவை உயிரிகளையெல்லாம் உறிஞ்சித் தீர்த்துவிடுமாம். அந்த மிதவை உயிரிகள்தான் கோக்கனியின் சாப்பாடு.

இங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. ‘‘கண்ணுக்கே தெரியாத பூச்சியைத் தின்கிற மீன், தூண்டிலை எதுக்குண்ணே கடிக்கணும்?’’

‘‘பசிக்கு இல்லை. எரிச்சலுக்கு’’ என்றார்.

அப்படித்தான் தூண்டில்காரர்கள் கணக்கு. பளபளவென்று ஆடுகிற ஒரு தகடு. அதற்கு ஒரு சாண் பின்னால் ரோஸ் நிறத்தில் குஞ்சம் கட்டிய முள். முள்ளின் நுனியில், டூனா மீன் எண்ணெயில் ஊறிய வெள்ளை மக்காச்சோளம் ஒரு மணி. (சோளத்துக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். நான் கேட்டேன். முறைத்தார்.) இந்தக் கோலாகலம் மூக்குக்கு முன்னால் ஆடிக்கொண்டே போனால் எந்த மீனுக்கும் கோபம் வரத்தானே செய்யும்?

ஆழத்துக்கு அனுப்ப ஒரு கருவி, டவுன்ரிக்கர். எஃகுக் கம்பியின் முனையில் பத்து பவுண்டு குண்டு. தூண்டில் நரம்பை அந்தக் குண்டுக்கு மேலே ஒரு கிளிப்பில் கவ்வவிட்டு, வேண்டிய ஆழத்துக்கு இறக்குகிறார்கள். மேலே தூண்டில் கோல் வில் மாதிரி வளைந்து நிற்கும். மீன் இழுத்ததும் கிளிப் விட்டுவிடும். கோல் சட்டென்று நிமிரும். அதுதான் சிக்னல். விடியலில் 30 அடி. வெயில் ஏற ஏற மீன் குளிர்ச்சியைத் தேடி இறங்கும், குண்டும் கூடவே இறங்க வேண்டும்.

இப்படிப் படகை ஓட்டிக்கொண்டே பிடிப்பதற்குப் பெயர் ட்ரோலிங். ‘ஓட்டிக்கொண்டே’ என்றதும் பயப்பட வேண்டாம். வேகம் மணிக்கு 2 கிலோமீட்டர். ரங்கநாதன் தெருவில் தீபாவளிக் கூட்டம் இதைவிட வேகமாக நகரும்.

ஒரு மணி நேரம் நேர்கோட்டில் போனோம். ஒன்றும் இல்லை. அண்ணன் மௌனம். நான் அதைவிட மௌனம். ‘அப்புறம்... ஆபீஸ்லாம்...’ என்று நாக்கு நுனி வரைக்கும் வந்ததை, ஃப்ளாஸ்க் காபியை ஊற்றி உள்ளே அனுப்பினேன்.

பிறகு அண்ணன் ஸ்டியரிங்கை லேசாக ஒடித்தார். படகு பாம்பு மாதிரி வளைந்தது. இடது பக்கக் கோல் படக்கென்று நிமிர்ந்தது!

‘‘எடுறா... எடு!’’

எடுத்தேன். சினிமாவில் பார்த்த மாதிரி, இரண்டு கையாலும், ஆக்ரோஷமாக. நரம்பு பூப்போல வந்தது, மீன் இல்லாமல்.

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். ‘‘டேய், அதுக்கு வாயா இருக்கு? நனைஞ்ச அப்பளம்டா அது! வெடுக்குனு இழுத்தா முள் கிழிச்சுட்டு வந்துடும். கோல் தானா இழுக்கட்டும். நீ சும்மா சுத்து.’’

‘‘அது சரி, இவ்வளவு நேரம் கடிக்காதது இப்ப எப்படிண்ணே கடிச்சுது?’’

‘‘திருப்பம். வளையும்போது உள்பக்கத் தூண்டில் வேகம் குறைஞ்சு கொஞ்சம் இறங்கும். வெளிப்பக்கத் தூண்டில் வேகம் கூடி மேலே ஏறும். அதுவரைக்கும் பின்னாடியே வந்து வேடிக்கை பார்த்த மீன் அப்பத்தான் பாயும். எந்தப் பக்கம் கடிக்குதுன்னு பார்த்து, நம்ம வேகத்தை மாத்திக்கணும். நேரா போயிட்டே இருந்தா காலம்பூரா வேடிக்கைதான்.’’

உள்பக்கம் கடித்ததால் வேகத்தைக் குறைத்தார். ஒன்பது மணிக்குள் நாலு மீன். நாலையும் அண்ணன்தான் படகில் ஏற்றினார், கைவலையால் குழந்தையை அள்ளுகிற மாதிரி. என் கணக்கில் தப்பிப் போனது மூன்று. வரவு பூஜ்யம்.

★

வெயில் ஏறியதும் ட்ரோலிங் படுத்துவிட்டது. அண்ணன் என்ஜினை நிறுத்தினார். திரையில் மீன் காட்டும் கருவியைப் பார்த்துக்கொண்டே படகைத் தள்ளித் தள்ளி ஓரிடத்தில் நிறுத்தினார். 60 அடி ஆழத்தில் மேகம் மாதிரி ஒரு திட்டு.

‘‘கூட்டம். கோடை முடியற சமயம் இப்படித்தான் ஒண்ணுசேரும். இப்ப ஜிக்கிங்.’’

ஜிக்கிங்குக்கு ஓட்டமும் இல்லை, குண்டும் இல்லை. மீன் வடிவத்தில் ஓர் உலோகத் துண்டு. படகுக்கு நேர் கீழே இறக்கி, ஓர் அடி தூக்கி, விட வேண்டும். அது இலை உதிர்கிற மாதிரி ஆடி ஆடி விழும். அவ்வளவுதான். தூக்கு, விடு, தூக்கு, விடு. மீன் பெரும்பாலும் விழும்போதுதான் கடிக்கும். கடித்தால் இழுவைகூடத் தெரியாது. இறங்குகிற நரம்பு பாதியில் தொய்யும். தொய்ந்தால் மீன் என்று அர்த்தம்.

என் நரம்பு தொய்ந்தது. இந்த முறை வெடுக்கென்று இழுக்கவில்லை. மெதுவாக நிமிர்த்திச் சுற்றிக்கொண்டே இருந்தேன். அண்ணன் வலையோடு குனிந்தார்.

முதல் மீன்! முழங்கை நீளம் இருக்கும். ஆனால் மற்றவை போல் வெள்ளி நிறமில்லை. பக்கவாட்டில் வெட்கப்பட்ட மாதிரி சிவப்பு. தாடை லேசாக வளைந்திருந்தது.

‘‘இது கிளம்பற மீன்’’ என்றார் அண்ணன். ‘‘மேலே ரோரிங் ஜூடின்னு ஒரு மீன் பண்ணை இருக்கு. வசந்தத்துல லட்சக்கணக்கான குஞ்சை அங்க ஆத்துல விடுவாங்க. ராத்திரியோட ராத்திரியா நீந்தி இந்த ஏரிக்கு வரும். மூணு நாலு வருஷம் இங்க. அப்புறம் உடம்பெல்லாம் ரத்தச் சிவப்பா மாறி, சாப்பாட்டை நிறுத்திட்டு, விட்ட இடத்துக்கே எதிர்நீச்சல் போட்டுப் போகும். அங்க முட்டையை எடுத்துக்குவாங்க. அதோட அதுக்குக் கணக்கு முடிஞ்சுது. உயிரை விட்டுடும்.’’

மீனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

‘‘இதுக்காவது எந்த ஆத்துக்குத் திரும்பணும்னு தெரியும்.’’

நான் வாயைத் திறக்கவில்லை.

‘‘உங்க அண்ணி சொல்லிட்டாளா?’’

தலையாட்டினேன்.

‘‘இருபது நாளாச்சுடா. பதினாலு வருஷம் நேர்கோட்லயே ஓட்டிட்டேன். அந்த ஒரு வேலையைத் தவிர எதுவும் தெரியாது. நாப்பத்திமூணு வயசுல இன்டர்வியூல சின்னப் பசங்க கேள்வி கேக்கறாங்க. நாப்பது நாள்ல கிடைக்கலேன்னா பொண்ணை ஊர்ல எந்த ஸ்கூல்ல சேர்க்கறதுன்னுகூடப் பார்த்து வெச்சுட்டேன். இதுவரைக்கும் போட்ட அப்ளிகேஷன் எல்லாம் இதே டென்வர், இதே சம்பளம், இதே வேலை...’’

எனக்கு அட்வைஸ் பண்ணத் தெரியாது. மனசில் பட்டதை மட்டும் கேட்டேன். ‘‘கொஞ்சம் ஒடிச்சுப் பார்த்தா என்னண்ணே?’’

அவர் என்னைப் பார்த்தார். ஸ்டியரிங்கைப் பார்த்தார். முதல் தடவையாகச் சிரித்தார். ‘‘காலையில ஒரு மீன்கூடப் பிடிக்காதவன் எனக்குப் பாடம் எடுக்கறான்!’’

அன்றைக்குப் பிடித்ததை உடனே ரத்தம் வடித்து ஐஸில் வைத்தோம். ராத்திரி கூடாரத்தில், மிளகாய்த்தூளும் மஞ்சளும் தடவி வறுவல். உள்ளே சதை நல்ல ஆரஞ்சுச் சிவப்பு. ருசி? டயட்டை ஒத்தி வைக்கலாம்.

★

திங்கட்கிழமை ஆள் வந்தார். படகைத் தட்டிப் பார்த்தார், பேரம் பேசினார், செக்கைக் கொடுத்து இழுத்துக்கொண்டு போனார். டவுன்ரிக்கரை மட்டும் அண்ணன் கழற்றி வைத்துக்கொண்டதை நான் கவனித்தேன். அண்ணியும் கவனித்தார். இரண்டு பேரும் கேட்கவில்லை.

நான் ஊர் திரும்பி நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பது... நாற்பது... ஐம்பது... போன் வந்தால் எடுக்கவே பயம். ஐம்பத்திநாலாம் நாள் வந்தது.

‘‘கிடைச்சுடுச்சுடா. மனு போட்டுட்டாங்க. வேலை வேற, ஊரும் வேற. ஐடஹோல பாய்ஸி. சம்பளம் கொஞ்சம் கம்மி.’’

‘‘சந்தோஷம்ணே! அண்ணி என்ன சொல்றாங்க?’’

‘‘குளிருமான்னு கேக்கறா.’’

நான் கேட்க நினைத்தது வேறு. ‘‘அண்ணே... அங்க அணை..?’’

மறுமுனையில் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம் குரலைத் தாழ்த்தினார், அண்ணி பக்கத்தில் இருக்கிறார் போலிருக்கிறது.

‘‘ஊருக்குப் பக்கத்துலயே ஒண்ணு இருக்குடா. கோக்கனியும் இருக்கு. அணை பேரு என்ன தெரியுமா? லக்கி பீக்!’’