வேலை வேறு, பயிற்சி வேறு

கருவுற்ற பெண்ணின் உடலில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி மடங்கு கூடுகிறது. இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் ரத்தமும் 30 முதல் 50 சதவீதம் உயர்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இவ்வளவு வேலை நடப்பதால், மருத்துவ உலகம் ஒரு காலத்தில் உடற்பயிற்சியைக் கண்டு அஞ்சியது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பு 1985-இல், பயிற்சியின்போது நாடித்துடிப்பு 140-ஐத் தாண்டக் கூடாது என்றது. 1994-இல் அந்த வரம்பைக் கைவிட்டது. சிக்கலில்லாத கர்ப்பிணிகள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமாக உடலை இயக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அதுவே மிதம்.

தேனி மாவட்டத்து ஆண்டிபட்டி வட்டாரத்தில் இந்த அறிவுரைக்கு உடனே ஒரு மறுகேள்வி வரும். சக்கம்பட்டியில் தறி வேலை, கம்பம் பக்கம் திராட்சைப் பந்தல், ஜீப்பில் மலையேறினால் ஏலக்காய்த் தோட்டம்; நாள் முழுக்க உழைப்பவருக்குத் தனியாக நடை எதற்கு? "குனிந்து நிமிர்ந்து வேலை செய்தால் சுகப்பிரசவம்" என்று வீட்டுப் பெரியவர்களும் சொல்வார்கள். உடல் இயங்க வேண்டும் என்ற அளவில் அது சரிதான். ஆனால் மணிக்கணக்கில் நின்றால் கால்களில் ரத்தம் தேங்கும். நெடுநேரம் நிற்பதும் பாரம் தூக்குவதும் குறைப்பிரசவ வாய்ப்பைச் சற்றே கூட்டுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. நடக்கும்போதோ கெண்டைக்கால் தசைகள் ரத்தத்தை மேலே தள்ளுகின்றன. தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொள்வதால் கர்ப்பகாலச் சர்க்கரை நோய்க்கான வாய்ப்பும் குறைகிறது. ஆகவே தறியில் உட்கார்ந்தே இருப்பவர் அவ்வப்போது எழுந்து நடக்க வேண்டும். நின்றே வேலை செய்பவர் உட்கார வேண்டும். களைத்து வீடு திரும்பியவரிடம் இன்னும் கொஞ்சம் நடக்கச் சொல்வது அறிவுரையே அல்ல.

சித்திரை வெயிலில் உடல் சூடேறுவது, முக்கியமாக முதல் மூன்று மாதங்களில், கருவுக்கு நல்லதல்ல. விடியற்காலை நடையே ஏற்றது. தண்ணீர் கையில் இருக்க வேண்டும். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சிகள் ஆகாது: கருப்பை பெருஞ்சிரையை அழுத்தி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைக் குறைத்துவிடும்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதனால் நடையைத் தொடங்குமுன் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துவிடுவது நல்லது. கடும் ரத்தசோகை, கீழிறங்கிய நஞ்சுக்கொடி, கர்ப்பகால ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்தப் பயிற்சியும் செய்யக் கூடாது. ரத்தப்போக்கு, நீர்க்கசிவு, நெஞ்சுவலி, தலைசுற்றல், ஒரு காலில் மட்டும் வலியும் வீக்கமும், விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி, குழந்தையின் அசைவு குறைவது ஆகியவற்றில் எது தென்பட்டாலும் பயிற்சியை அங்கேயே நிறுத்திவிட்டு, க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய்விட வேண்டும்.