மூன்று தலைமுறை, ஒரு கடற்கரை

பள்ளி விடுமுறை நெருங்குகிறது. வளைகுடாவில் பணியாற்றும் மகன் ஒரு மாத விடுப்பில் வருகிறார். இம்முறை வாப்பாவையும் உம்மாவையும் அழைத்துக்கொண்டு, பேரக் குழந்தைகளுடன் கடல் கடந்து எங்கேனும் போய் வந்தால் என்ன என்ற பேச்சு உங்கள் இல்லத்திலும் எழுந்திருக்கலாம். எழுந்த வேகத்திலேயே, "அந்தப் பணத்துக்கு ஓர் உம்ரா செய்துவிடலாமே" என்று வீட்டுப் பெரியவர் சொல்லியும் இருப்பார்.

அவர் சொல்வதில் நியாயம் உண்டு. உம்ராவின் ஆசையை வேறெதைக் கொண்டும் ஈடு செய்ய முடியாது. ஆனால், ஆண்டுக்கு ஒரு முறை மட்டுமே தகப்பனைக் காணும் பிள்ளையும், தொலைபேசியில் மட்டுமே பேரனைக் கொஞ்சும் உம்மம்மாவும் ஒரே கூரையின் கீழ் ஐந்து நாட்கள் உண்டு உறங்கிச் சிரிப்பது வீண் செலவாகிவிடாது. கடன் வாங்காமல், கடமைகளைத் தள்ளிப் போடாமல், கையில் உள்ளதைக் கொண்டு செய்வதானால் அதுவும் உறவைச் சேர்ந்து வாழும் ஒரு வழியே. கடன் வாங்கித்தான் போக வேண்டும் என்றால், நம்மூர்க் கடற்கரையே போதும்.

பினாங்கு ஏன்?

மூன்று தலைமுறைக்கும் ஒத்துவரும் இடம் எது என்று கேட்டால், மலேசியாவின் பினாங்குத் தீவைத் தயங்காமல் சொல்லலாம். நம் மக்களுக்கு அது அந்நிய மண் அன்று. நாகப்பட்டினத்திலிருந்து ரஜுலா கப்பலிலும், பின்னர் எம்.வி. சிதம்பரம் கப்பலிலும் பினாங்குக்குப் போய் வந்தவர்கள் நம் குடும்பங்களில் பலர். 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பல் நடுக்கடலில் தீப்பற்றியதோடு அந்தப் பயணிகள் கப்பல் காலம் முடிந்தது. பல நாட்கள் அலைகளில் ஆடிச் சென்ற வழியை இன்று விமானம் சில மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானச் சேவையும் தொடங்கப்பட்டது. 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் 30 நாட்கள் வரை விசா இன்றித் தங்க மலேசியா அனுமதித்தது. இத்தகைய சலுகைகள் கால வரம்புக்கு உட்பட்டவை. ஆகவே பயணச்சீட்டு எடுக்கும் முன் நடப்பு விதியை விசாரித்துக் கொள்ளுங்கள்.

தீவின் வடகரையில் உள்ளது பத்து ஃபெரிங்கி கடற்கரை. 'பத்து' என்றால் மலாய் மொழியில் பாறை. 'ஃபெரிங்கி' வேறொன்றுமில்லை, நம்முடைய 'பறங்கி'தான். நீண்ட மணற்பரப்பும், நிழல் தரும் மரங்களும், நடந்து செல்லும் தொலைவில் உணவகங்களும் இருப்பதால் முதியோருக்கும் சிறுவருக்கும் அலைச்சல் குறைவு.

புறப்படும் முன்

கைக்குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டு வேண்டும். சிறுவர்களின் கடவுச்சீட்டு பெரும்பாலும் ஐந்தாண்டுகளிலேயே காலாவதியாகிவிடும். பயண நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகிறதா என்று முதலில் பாருங்கள். பெரியவர்களின் மருந்துகளை மாத்திரை அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் கைப்பையிலேயே வையுங்கள். மலேசியாவில் போதைப்பொருள் சட்டம் மிகக் கடுமையானது. பெயர் தெரியாத பொட்டலம் எதையும், யார் கொடுத்தாலும், வாங்கிச் செல்ல வேண்டாம். இன்சுலினைப் பெரிய பெட்டியில் போட்டு விமானத்தின் சரக்கறைக்கு அனுப்பிவிடாதீர்கள். அங்கு அது உறைந்து பயனற்றுப் போகக்கூடும். முழங்கால் வலியுள்ளவர்களுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்று விமான நிறுவனத்திடம் முன்னரே சொல்லி வையுங்கள். உம்மா வெட்கப்பட்டு மறுப்பார், நீங்கள் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

கடலோரத்தில் கண்கள்

இனிச் சொல்லப் போவதே இக்கட்டுரையின் முக்கியமான பகுதி.

பெரிய குடும்பம் கடற்கரைக்குப் போகும்போது ஓர் ஆபத்தும் உடன் வருகிறது. குழந்தையை உம்மம்மா பார்த்துக் கொள்வார் என்று தாய் நினைக்கிறாள். சாச்சா அருகில்தானே நிற்கிறார் என்று உம்மம்மா நினைக்கிறார். சாச்சாவோ புகைப்படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். பத்துப் பேர் சூழ இருந்தும் குழந்தையைப் பார்க்க ஒருவரும் இல்லை! நீரில் மூழ்கும் சிறு குழந்தை கையை அசைத்துக் கூச்சலிடாது. சத்தமின்றி, சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும்.

எனவே முறை வைத்துக் கொள்ளுங்கள். கால் மணி நேரத்துக்கு ஒருவர். "இப்போது என் முறை" என்று வாய்விட்டுச் சொல்லிப் பொறுப்பை ஏற்க வேண்டும். அடுத்தவர் வாய்விட்டு ஏற்கும் வரை நகரக் கூடாது. அந்நேரம் கையில் கைப்பேசி இருக்கலாகாது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை கை நீட்டினால் எட்டும் தொலைவிலேயே இருக்க வேண்டும். காற்றடைத்த வளையங்களை நம்பிவிடாதீர்கள். கரைக்காற்று அவற்றைக் கணப்பொழுதில் உள்ளே தள்ளிச் சென்றுவிடும்.

பினாங்குக் கடலில் சொறி மீன்கள் உண்டு. எச்சரிக்கைக் கொடி பறந்தால் இறங்காதீர்கள். கொட்டிவிட்டால் உடனே கரையேற்றி, தேய்க்காமல், நன்னீரால் கழுவாமல், வினிகரை ஊற்றி மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். அங்கு அவசர உதவிக்கு 999. நீரோட்டம் ஒருவரை உள்ளிழுத்தால் கரையை நோக்கிப் போராடக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பிலிருந்து விலகிய பிறகே கரை சேர வேண்டும்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் கரைகளை மட்டுமன்றிப் பினாங்கையும் தாக்கியது. மலேசியாவில் உயிரிழந்த 68 பேரில் பெரும்பாலோர் இத்தீவில் இருந்தவர்கள். கடல் திடீரென உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

கரையில் அமர்ந்திருப்போர்

மற்றொன்றையும் கவனியுங்கள். பெரும்பாலான குடும்பங்களில் ஆண்களும் பிள்ளைகளும் அலையில் நனைய, பைகளையும் செருப்புகளையும் காத்துக்கொண்டு வெயிலில் அமர்ந்திருப்பவர் உம்மாதான். வாழ்நாளெல்லாம் அடுப்படியில் நின்றவரை அழைத்துப் போய், அங்கும் காவலுக்கு வைப்பது முறையா? உடலை மறைக்கும் நீச்சலுடை மலேசியாவில் எளிதில் கிடைக்கிறது, அதை அணிந்து நீரில் இறங்குவதை எவரும் விந்தையாகப் பார்ப்பதில்லை. நெரிசல் குறைந்த காலை வேளையில் உம்மாவின் கையைப் பற்றி முழங்கால் ஆழம் வரையேனும் அழைத்துச் செல்லுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெறுங்காலுடன் மணலில் நடக்க வேண்டாம். சூட்டையும் சிப்பி கிழித்ததையும் அவர்களின் பாதம் உணராமல் போகலாம்.

நண்பகல் வெயிலை அறையிலேயே கழியுங்கள். அங்குச் சூரியன் மறைய மாலை ஏறத்தாழ ஏழு மணியாகும், சில மாதங்களில் ஏழரையையும் தாண்டும். ஆகவே அஸர் தொழுத பிறகும் விளையாட நெடுநேரம் இருக்கிறது.

தொழுகையும் உணவும்

பயணத்தில் கஸ்ர் சலுகை உண்டு. ஹனஃபிகள் ஓரிடத்தில் 15 நாட்களுக்குக் குறைவாகத் தங்கினால் சுருக்கித் தொழுவர். ஷாஃபிகளோ, போய்ச் சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் தங்கும் எண்ணத்துடன் சென்றால் முழுமையாகவே தொழ வேண்டும். உங்கள் பயண நாட்களைச் சொல்லி ஊர் ஆலிமிடம் முன்பே தெளிவு பெறுங்கள். தஞ்சோங் பூங்காவில் கடலுக்குள் தூண்கள் நாட்டி எழுப்பிய பள்ளிவாசலில் ஒரு வக்தேனும் தொழுதால், அலையோசை கேட்டபடி ஸஜ்தா செய்ததைப் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

உணவைப் பற்றிக் கவலை வேண்டாம். சோற்றுப் பானையையும் கறிப் பானையையும் தோள் காவடியில் சுமந்து விற்ற தமிழ் முஸ்லிம்கள் தந்ததே பினாங்கின் புகழ்பெற்ற 'நாசி கண்டார்'. காரம் ஒவ்வாத குழந்தைக்கு ரொட்டி சானாயும் பருப்பும் போதும்.

ஒரு நாளை ஜார்ஜ் டவுன் நகருக்கு ஒதுக்குங்கள். 2008இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட நகரம் அது. தென்னிந்திய முஸ்லிம்களைக் குறிக்கும் சூலியா என்ற பெயரில் அங்கே ஒரு தெருவே இருக்கிறது. நம் சமூகத் தலைவர் காதர் முஹைதீன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் அருகிலேயே உள்ளது. அதன் முற்றத்தில் வாப்பிச்சாவை உட்கார வைத்து, கப்பலேறிப் போன உறவினரின் கதைகளைச் சொல்லச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகள் சுற்றி அமர்ந்து கேட்கட்டும்.

கடைக்குப் போனால் பொம்மை வாங்கலாம், துணி வாங்கலாம். அந்தக் கதைகளைச் சொல்ல அவர் ஒருவர்தாம் இருக்கிறார். அவர் கால்களில் வலுவிருக்கும்போதே புறப்படுங்கள்.