உங்களுக்குத் தெரியுமா? ஜோசியருக்கும் பிடிபடாத ஜாதகம்

பாலக்காடு மாவட்டத்து எலப்புள்ளியில் தமிழும் மலையாளமும் வாசிப்பவர்கள் ஏராளம். அவர்களையும் திணறடிக்கும் ஓவியர் ஒருவர் உண்டு: கே.சி.எஸ். பணிக்கர். அங்கிருந்து வாளையார் எல்லையைத் தாண்டினால் வரும் கோவையில் 1911-ல் பிறந்தவர். 1966-ல் சென்னை அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர். திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்தில் அவர் பெயரிலேயே ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது.

1963-ல் தொடங்கிய அவருடைய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை, அச்சில் பார்த்தால் ஏதோ பழைய ஜாதகக் குறிப்பு போலத்தான் தெரியும். நேரில் கிட்டே போய் நில்லுங்கள். கட்டங்கள், கணக்குக் குறிகள், நடுவே மலையாளச் சாயலில் பொடிப்பொடியாக எழுத்து. கண் தானாகவே வாசிக்க முயலும், வாக்கியம்தான் சேராது. எழுத்தை அவர் பொருளுக்காக வரையவில்லை, வடிவத்துக்காக வரைந்தார். ஜோசியரையே கூட்டிப்போனாலும் கையை விரித்துவிடுவார்!