ஒரு கணினியில் ஓடும் நிரல் இன்னொன்றில் ஏன் படுத்துவிடுகிறது?

உங்கள் மடிக்கணினியில் ஒழுங்காக ஓடிய இணையதளம் சர்வரில் ஏற்றியதும் ஏன் முரண்டு பிடிக்கிறது? நிரல் தனியாக ஓடுவதில்லை. எந்தப் பைத்தான் பதிப்பு, எந்த நூலகங்கள், எந்தக் கோப்பு எங்கே என்று அதற்குப் பின்னால் ஒரு குடும்பமே உண்டு. அத்தனையையும் கையால் கட்டளை அடித்து அமைப்பது பாட்டியின் கைப்பக்குவம் மாதிரி. ருசி வரும், எவ்வளவு புளி என்று கேட்டால் பதில் வராது.

2013-இல் வெளியான டாக்கர் என்ற மென்பொருள் அந்தக் கைப்பக்குவத்தைச் சமையல் குறிப்பு மாதிரி எழுத வைத்தது. எந்த லினக்ஸ் அடித்தளம், எதை நிறுவுவது, எந்தக் கட்டளையை ஓட்டுவது என்று டாக்கர்ஃபைல் என்ற கோப்பில் வரிவரியாக எழுதுகிறீர்கள்; கணினி அதைப் படித்து அடுக்கடுக்காகக் கட்டுகிறது. ஒரு வரி மாறினால் அதற்கு முந்தைய அடுக்குகளை மறுபடி கட்டுவதில்லை; அந்த வரியிலிருந்து பிந்தையவற்றை மட்டுமே கட்டுகிறது. சட்னியை மாற்றுவதற்காக யாராவது மாவைத் திரும்ப அரைப்பார்களா? அதனால்தான் அடிக்கடி மாறும் வரிகளைக் கடைசியில் எழுத வேண்டும்.

ஒரே ஒரு சர்வருக்கு இது வேண்டாத வேலை என்பார்கள். முதல் நாளில் உண்மைதான். அந்த சர்வர் நள்ளிரவில் பழுதானால் கணக்கு மாறிவிடும். குறிப்பே ஏமாற்றாதா என்பது இன்னும் கூர்மையான கேள்வி. ஏமாற்றும். பதிப்பு எண்ணுக்குப் பதிலாக ‘லேட்டஸ்ட்’ என்று எழுதுவது ‘உப்பு தேவையான அளவு’ என்பதைப் போலத்தான்: இன்று வருவது ஆறு மாதம் கழித்து வராது. ஆகவே எண்ணை எழுதுங்கள். கடவுச்சொல்லை மட்டும் எழுதாதீர்கள். அடுத்த வரியில் அழித்தாலும் கீழ் அடுக்கில் அது அப்படியே இருக்கும்.